உள்ளரங்க மின்சார கோ-கார்ட் பந்தயம்: உண்மையில் அங்கே என்ன நடக்கிறது?

கோ-கார்ட் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, பொருட்காட்சியில் ஒன்றையொன்று முட்டி விளையாடும் மின்சாரக் கார்தான். இதுவும் கூரைக்குக் கீழே ஓடுகிறது, மின்சாரத்தில் ஓடுகிறது, கட்டணம் செலுத்தினால் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்பதால் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், பெட்ரோல் இல்லாத வண்டியில் என்ன வேகம் இருந்துவிடப்போகிறது என்கிறார்கள். முதலில் கோட்டைத் தாண்டியவர் ஜெயித்தார், இதில் விளக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு.

இந்த எண்ணங்கள் எல்லாமே தவறு. கடைசியாகச் சொன்னதுதான் மிகப் பெரிய தவறு. ஏனென்றால் அதை நம்பிக்கொண்டு களத்தில் இறங்குபவர் முதல் சுற்றிலிருந்தே தப்பான ஆட்டத்தை ஆடுகிறார். இந்த விளையாட்டின் மீது எனக்கு நிறைய மதிப்பு உண்டு. அது தகுதிக்குக் குறைவாகப் பேசப்படுகிறது என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கார்ட் என்பது எந்த வகை வண்டி?

1956-ல் கலிஃபோர்னியாவில், கர்டிஸ் கிராஃப்ட் என்ற பந்தயக் கார் நிறுவனத்தில் வேலை பார்த்துவந்த ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து ஒரு சிறிய வண்டியைச் செய்தார். புல்வெட்டும் இயந்திரத்துக்கென்று தயாரான வெஸ்ட் பெண்ட் எஞ்சின் ஒன்றை அதன் பின்புறத்தில் பொருத்தினார். சுமார் இரண்டரைக் குதிரைத்திறன் கொண்ட எஞ்சின். பாசடீனாவின் ரோஸ் போல் மைதானத்து வாகன நிறுத்துமிடத்தில் அந்த வண்டி ஓடியதைப் பார்த்தவர்கள் எல்லாரும் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். கார்ட்டின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

அந்த முதல் வண்டியின் அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. குழாய்களால் ஆன சட்டகம், அதன் மேல் ஓர் இருக்கை, நான்கு சிறிய டயர்கள், ஒரு ஸ்டீயரிங், இரண்டு பெடல்கள். நம் வீட்டுக் காரில் இருக்கும் இரண்டு முக்கியமான பாகங்கள் இதில் கிடையாது. ஒன்று சஸ்பென்ஷன்: சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது அதிர்வைத் தாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் அமைப்பு. மற்றொன்று டிஃபரென்ஷியல்: வளைவில் இடது சக்கரமும் வலது சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு.

சஸ்பென்ஷன் இல்லாததன் விளைவு, ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று வருவதற்குள் முதுகுக்குத் தெரிந்துவிடும். டிஃபரென்ஷியல் இல்லாததன் விளைவு அவ்வளவு எளிதில் பிடிபடாது. ஆனால் கார்ட் ஓட்டும் கலை முழுவதும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

மாட்டுவண்டி வளையும், கார்ட் வளைய மறுக்கும்

மாட்டுவண்டியின் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். அச்சு வண்டியோடு அசையாமல் நிற்கும். சக்கரத்தின் நடுவில் உள்ள குடம் மட்டும் அச்சின் மேல் சுழலும். சக்கரம் கழன்று ஓடாமல் அச்சாணி தடுக்கும். வண்டி வலப்பக்கம் திரும்பினால் வலது சக்கரம் மெதுவாகவும் இடது சக்கரம் வேகமாகவும் சுழலும். ஒன்றுக்கொன்று கட்டுப்படாதவை என்பதால் சிக்கல் எதுவும் இல்லை.

இப்போது அந்த இரண்டு சக்கரங்களையும் அச்சோடு சேர்த்து இறுக்கி, அச்சே சுழலும்படி செய்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் மற்றதும் ஒரு சுற்று சுற்றியே ஆகவேண்டும். கார்ட்டின் பின்சக்கரங்கள் இப்படித்தான் இருக்கின்றன. நேராக ஓடும்வரை தொல்லை இல்லை. வளைவு வந்ததும் கணக்கு உதைக்கிறது. பின்சக்கரங்களுக்கு இடையே ஒரு மீட்டர் தூரம் என்று கொள்வோம். வந்த திசைக்கே திரும்பும் முழு வளைவில், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 3.14 மீட்டர் கூடுதலாக ஓடவேண்டும். வளைவு பெரிதோ சிறிதோ, இந்த வித்தியாசம் மாறாது. ஆனால் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால் ஒரே அளவுதான் சுழல முடியும். எனவே ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்து இழுபட வேண்டும். அந்த இழுபறி வண்டியை நேராகவே தள்ளும், வேகத்தையும் தின்னும்.

இதற்குக் கார்ட் கண்ட வழி எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. உள்பக்கத்துப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது! ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் எந்தக் கம்பியை மையமாகக் கொண்டு திரும்புகிறதோ, அதை ஊசி என்போம். முன்சக்கரங்கள் செங்குத்தான ஊசியில் திரும்புவதில்லை; சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்த ஊசியில் திரும்புகின்றன. அந்தச் சாய்வின் பெயர் காஸ்டர். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது உள்பக்கத்து முன்சக்கரம் தரையைக் கீழே அழுத்தும், வண்டியின் அந்த மூலை மேலே எழும். சட்டகம் இலேசாக முறுகும். எடை மூலைவிட்டமாக எதிர்ப்புறத்துப் பின்சக்கரத்தின் மேல் போய் இறங்கும். உள்பக்கத்துப் பின்சக்கரம் இலேசாகிவிடும். பந்தயக் கார்ட்டுகளில் கண்ணுக்குத் தெரியும்படியே அந்தரத்தில் எழும். அந்த ஒரு நொடி வண்டி மூன்று சக்கரங்களில் வளைகிறது. சக்கரம் மீண்டும் தரையைத் தொடும்போது நேர்பாதை வந்திருக்க வேண்டும்.

வாடகைக்கு விடும் மின்சாரக் கார்ட்டுகள் எடை மிகுந்தவை. ஆகவே சக்கரம் அவ்வளவு எழாது. சுமை குறைவதோடு சரி. ஆனால் விதி ஒன்றுதான்.

இதுவரை பார்த்ததில் மனத்தில் வைக்கவேண்டியது இது: ஸ்பிரிங் இல்லை, பின்சக்கரங்கள் ஒரே அச்சில் இறுகியவை, ஓட்டுபவர் ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் கையாளும் விதத்தால்தான் எடை ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. முட்டி விளையாடும் காருக்கும் இதற்கும் உறவே இல்லை.

மின்மோட்டார் என்ன மாற்றியது?

முறுக்குவிசை என்ற சொல்லை இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் அச்சைச் சுழற்றும் விசைக்கு அந்தப் பெயர். பெட்ரோல் எஞ்சின் ஓரளவு வேகமாகச் சுழலத் தொடங்கிய பிறகுதான் நல்ல முறுக்குவிசையைத் தரும். மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையையும் தரவல்லது. பெடலை மிதித்த கணத்தில் வண்டி பாய்வதன் காரணம் இதுவே.

வாடகைப் பெட்ரோல் கார்ட்டுகளில் பரவலாகக் காணப்படும் ஹோண்டா ஜிஎக்ஸ்270 எஞ்சின் சுமார் 9 குதிரைத்திறன் கொண்டது. 2003-ல் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் தொடங்கிய கே1 ஸ்பீட் நிறுவனம் தன் மின்சாரக் கார்ட்டுகளுக்குச் சொல்லும் அளவு 20 குதிரைத்திறன். வேகம் மணிக்கு 45 மைல், அதாவது சுமார் 72 கிலோமீட்டர். தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கிடங்குக்குள் இந்த வேகத்தில் போவது சாதாரண அனுபவம் அல்ல.

மின்சாரத்துக்கு மாறியதற்கு முதல் காரணம் வேகம் அல்ல, காற்று. பெட்ரோல் எஞ்சின் கார்பன் மோனாக்சைடை வெளியேற்றும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 200 மடங்கு வலுவாக ஒட்டிக்கொள்ளும். நான்கு சுவருக்குள் பத்து எஞ்சின்களை ஓடவிட்டால் அந்தக் காற்றை வெளியேற்ற ராட்சத மின்விசிறிகள் இடைவிடாமல் சுழல வேண்டும். குளிர்நாடுகளில் இன்னொரு தொல்லை: சூடேற்றிய காற்றையும் சேர்த்தே வெளியே துரத்த வேண்டியிருக்கும். மின்மோட்டார் இந்தத் தொல்லையைத் துடைத்துப்போட்டது.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. பேட்டரி கனமானது. கனமான வண்டியை நிறுத்தக் கூடுதல் தூரம் வேண்டும், தடுப்பில் மோதினால் அடியும் பலமாக இருக்கும். தடத்தைச் சுற்றிலும் ஒன்றோடொன்று பிணைத்து, மோதினால் சற்று நகர்ந்துகொடுக்கும் பிளாஸ்டிக் தடுப்புகளை வைப்பது இதனால்தான். அதோடு, உடனே கிடைக்கும் முறுக்குவிசை பொறுமையற்ற காலைத் தண்டிக்கும். கிடங்குகளின் வழவழப்பான கான்கிரீட் தரையில், வளைவு முடிவதற்குள் பெடலை முழுவதும் மிதித்தால் பின்சக்கரங்கள் வழுக்கி வண்டி சுழன்றுவிடும்.

பலர் கவனிக்காத மாற்றம் ஒன்று உண்டு. மின்மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போகவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கன்ட்ரோலர் என்ற மின்னணுப் பெட்டி. அதற்குத் தொலைவிலிருந்தே கட்டளை அனுப்பலாம். ஒரு வண்டி தடுப்பில் சிக்கி நின்றால், ஊழியர் ஒரு பொத்தானை அழுத்தித் தடத்திலுள்ள எல்லா வண்டிகளையும் நடைவேகத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். சிறுவர்கள் ஓட்டும்போது உச்சவேகத்தைக் குறைத்து வைப்பதும் இவ்வாறே. ஆபத்து, வேகத்தைக் குறையுங்கள் என்று சொல்லும் மஞ்சள் கொடியை யாராவது பார்த்தார்களா, மதித்தார்களா என்ற கவலை பெருமளவு தீர்ந்தது. பாதுகாப்பில் இதைவிடப் பெரிய முன்னேற்றம் இந்தத் தொழிலில் நடக்கவில்லை என்பது என் கருத்து.

ஜெயிப்பது யார்?

கட்டுரையின் மையத்துக்கு வந்துவிட்டோம். உள்ளரங்க மையங்களில் வார இறுதியில் போய் டிக்கெட் வாங்கி ஓட்டும் சாதாரணப் பந்தயத்தில், பெரும்பாலும் முதலில் வருபவர் வெற்றியாளர் அல்லர். மிகக் குறைந்த நேரத்தில் ஒரு சுற்றை முடித்தவரே வெற்றியாளர். அந்த ஒரு சுற்று மட்டும் போதும்.

ஒவ்வொரு வண்டியிலும் டிரான்ஸ்பாண்டர் என்ற சிறு கருவி இருக்கும். தனக்குரிய அடையாள எண்ணை அது வானொலி அலையாக அனுப்பிக்கொண்டே இருக்கும். தொடக்கக் கோட்டுக்கு அடியில் ஒரு கம்பிச்சுருளைப் பதித்திருப்பார்கள். வண்டி அதைக் கடக்கும் கணத்தைக் கணினி, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை குறித்துக்கொள்ளும். அடுத்த முறை கடக்கும் கணத்திலிருந்து இதைக் கழித்தால் அந்தச் சுற்றின் நேரம் கிடைக்கும். திரையில் பெயர்கள் மேலும் கீழும் ஏறி இறங்குவது இந்த எண்களை வைத்துத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. கண்ணன் முன்னால் போகிறார். மீனா பின்னால் வருகிறார். மீனாவைத் தாண்டவிடக் கூடாது என்று கண்ணன் ஒவ்வொரு வளைவிலும் உள்பக்கத்தை அடைத்துக்கொண்டே ஓட்டுகிறார். பத்துச் சுற்றும் முன்னாலேயே இருக்கிறார். மீனா நான்காவது சுற்றில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, தனக்கும் கண்ணனுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டுக்கொள்கிறார். ஐந்தாவது, ஆறாவது சுற்றுகளில் தடம் காலியாக இருக்கிறது. தனக்குப் பிடித்த பாதையில் முழு வேகத்தில் சுற்றிவருகிறார். முடிவில் திரையில் மீனாவின் சிறந்த சுற்று 31.482 நொடி. கண்ணனுடையது 32.910. கண்ணன் கடைசிவரை முன்னால் இருந்தார், ஆனால் தோற்றார். வழியை அடைத்து ஓட்டியதால் வளைவுகளைக் குறுக்கி, ஒவ்வொன்றிலும் தன் வேகத்தைத் தானே கொன்றுவிட்டார்.

பந்தயம் முடிந்ததும் கொடுக்கும் தாளில் ஒவ்வொரு சுற்றின் நேரமும் அச்சாகியிருக்கும். பெரும்பாலோர் தங்கள் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு அதைக் கசக்கிப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே மனம் பொறுக்காது. ஒருவரின் ஓட்டம் முழுவதும் அந்தத் தாளில் இருக்கிறது. 31.6, 31.5, 31.7, 31.5 என்று நெருக்கமாக நேரங்கள் இருந்தால் அவர் என்ன செய்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. 31.5, 34.2, 32.0, 35.8 என்று சிதறிக் கிடந்தால், அந்த 31.5 எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது.

எல்லாப் பந்தயமும் இப்படி அல்ல. லீக் போட்டிகளிலும் சிறப்புப் போட்டிகளிலும் முதலில் நேரச்சுற்று நடத்தி, அதில் பெற்ற நேரத்தின்படி வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பிறகு உண்மையாகவே முதலில் வருபவருக்கு வெற்றி தருவார்கள். அங்கே கண்ணனின் தடுப்பாட்டத்துக்குப் பொருள் உண்டு. எனவே கவுன்டரில் கேட்கவேண்டிய முதல் கேள்வி: இது சிறந்த சுற்றுக்கான ஓட்டமா, இடத்துக்கான ஓட்டமா?

நீலக்கொடியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களைவிட வேகமானவர் பின்னால் வந்துவிட்டார், வழிவிடுங்கள் என்பது அதன் பொருள். சிறந்த சுற்றுக்கான ஓட்டத்தில் வழிவிடுவதால் உங்களுக்குப் பெரிய இழப்பு எதுவும் இல்லை. அவருடைய ஓட்டத்தைப் பின்னாலிருந்து பார்த்துக் கற்கலாம் என்பது லாபமும்கூட.

நேரம் எங்கே போகிறது?

புதியவர்கள் நேர்பாதையில் வேகம் பிடிப்பதைப் பற்றியே யோசிக்கிறார்கள். நேர்பாதையில் எல்லாரும் பெடலை முழுவதும் மிதிக்கிறார்கள். வித்தியாசம் வளைவில்தான் உண்டாகிறது.

வெளிப்புறத்திலிருந்து வளைவுக்குள் நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளிப்புறத்துக்கு வருவது அடிப்படைப் பாதை. உள் ஓரத்தைத் தொடும் அந்த இடத்துக்கு ஏபெக்ஸ் என்று பெயர். இப்படிப் போனால் வளைவு அகலமாகும், குறைவாகத் திரும்பினால் போதும், இழக்கும் வேகமும் குறையும். பிரேக்கை வண்டி நேராக இருக்கும்போதே மிதித்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். பெரும்பாலான கார்ட்டுகளில் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். திரும்பும்போது மிதித்தால் பின்பகுதி வழுக்கிக்கொண்டு போய்விடும்.

வழுக்குவது பார்க்க அழகு. டயர் கிறீச்சிட, பின்பகுதி வீச, வேடிக்கை பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் டயர் பக்கவாட்டில் தேயும் ஒவ்வொரு கணமும் வேகம் வெப்பமாக வீணாகிறது. வேகமான ஓட்டுநரின் வண்டி பெரும்பாலும் அமைதியாகவே போகும்.

பல மின்சாரக் கார்ட்டுகளில் இரண்டு பெடல்களையும் ஒரே நேரத்தில் மிதித்தால் மோட்டாருக்கு மின்சாரம் நின்றுவிடும். இது தெரியாமல், வண்டி பழுது என்று புகார் சொல்பவர்கள் ஏராளம். இடது கால் பிரேக்கின் மேல் இலேசாகத் தங்கியிருந்தாலும் இது நடக்கும்.

உடல் எடை, வண்டி வித்தியாசம், நியாயம்

வண்டி 200 கிலோ என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ ஓட்டுநரோடு மொத்தம் 260. 90 கிலோ ஓட்டுநரோடு 290. இரண்டாமவரின் மோட்டார் பதினொரு சதவீதத்துக்கும் மேல் கூடுதல் சுமையை இழுக்க வேண்டும். திறமை சமமாக இருந்தால் எடை குறைந்தவரே முன்னால் இருப்பார். லீக் போட்டிகளில் ஒரு குறைந்தபட்ச எடையை நிர்ணயித்து, அதற்குக் கீழே உள்ளவர்களின் வண்டியில் ஈயக்கட்டிகளையோ எடைப்பலகைகளையோ வைப்பது இதைச் சரிசெய்யத்தான்.

வண்டிகளும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றில் டயர் புதியது, இன்னொன்றில் தேய்ந்தது. ஒன்றின் பேட்டரி அப்போதுதான் நிரம்பியது. எனவே நல்ல லீக்குகள் ஒவ்வொரு போட்டிக்கும் குலுக்கல் முறையில் வண்டியை மாற்றித் தருகின்றன. வாடகைக் கார்ட்டுகளில் உலக அளவில் நடக்கும் சோடி வேர்ல்ட் சீரிஸ் போன்ற போட்டிகள் நிற்பது இந்த நம்பிக்கையின் மேல்தான்: வண்டி சொந்தமில்லை, யாருக்கு எது வரும் என்று தெரியாது, ஓட்டுவது மட்டுமே உங்களுடையது.

தொழில் எப்படி ஓடுகிறது?

மைய உரிமையாளர் விற்பது கார்ட்டை அல்ல, தடத்தின் நேரத்தை. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஓட்டத்துக்குப் பத்து வண்டிகள். ஓடும் நேரம் பத்து நிமிடம். இறங்கி, அடுத்தவர்கள் ஏறி, பெல்ட் மாட்டிப் புறப்பட ஐந்து நிமிடம். மணிக்கு நான்கு ஓட்டம், நாற்பது பேர். இறங்கி ஏறும் நேரம் பத்து நிமிடமாக நீண்டால் மூன்று ஓட்டம்தான், முப்பது பேர். அதே வாடகை, அதே ஊழியர்கள், அதே மின்கட்டணம்; வருமானத்தில் கால் பங்கு காணாமல் போய்விட்டது. ஊழியர்கள் ஹெல்மெட்டைக் கையில் திணித்து அவசரப்படுத்துவதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

கிடங்குகளைத் தேடிப் பிடிப்பதும் கணக்குதான். கடைவீதியைவிட வாடகை குறைவு, தூண்கள் குறைவு, பரப்பு அதிகம். மழையோ பனியோ வெயிலோ வாடிக்கையாளரைத் தடுக்காது. சனி, ஞாயிறு தானாக நிரம்பும். செவ்வாய்க்கிழமை மதியம் தடத்தை நிரப்புவதுதான் கடினம். நிறுவனங்களின் குழு நிகழ்ச்சி, பிறந்தநாள் விழா, உறுப்பினர் சலுகை, வாரநாள் லீக் எல்லாம் அந்த வெற்று மணிநேரங்களை நிரப்ப வந்தவை. போட்டியாக ஓட்டுபவர்கள் தொழிலுக்கு முக்கியமானவர்களாவது இதனால்தான்: மற்றவர்கள் வராத நாளில் அவர்கள் வருகிறார்கள்.

பேட்டரிக்கும் ஓய்வு வேண்டும். ஒரு தொகுதி வண்டிகள் ஓடும்போது மற்றொரு தொகுதி மின்னேற்றத்தில் நிற்கும். ஆகவே தடத்தில் பத்து வண்டி ஓட வேண்டுமென்றால் பத்து மட்டும் வாங்கினால் போதாது. முதலீடு பெட்ரோல் மையத்தைவிடக் கூடுதல். எண்ணெய் மாற்றுவது, எரிபொருள் நிரப்புவது போன்ற அன்றாட வேலைகள் குறைவது அதற்கு ஈடு.

தலைமுடி, துப்பட்டா

இதைச் சுருக்கமாகச் சொன்னாலும் அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். முன்பு விவரித்த அந்தச் சுழலும் பின்அச்சு, உங்கள் முதுகுக்கு நேர் பின்னால், கீழே இருக்கிறது. 2020-ல் ஹைதராபாத் புறநகரில் ஒரு கல்லூரி மாணவியும், ஹரியானாவின் பிஞ்சோரில் ஒரு பெண்ணும் கோ-கார்ட் ஓட்டும்போது தலைமுடி வண்டியில் சிக்கியதால் உயிரிழந்தார்கள். வண்டி பெட்ரோலில் ஓடினாலும் மின்சாரத்தில் ஓடினாலும் இந்த ஆபத்து ஒன்றுதான். நீண்ட முடியை முடிந்து, துணி உறைக்குள் அடக்கி, ஹெல்மெட்டுக்குள் முழுவதும் செருகிக்கொள்ள வேண்டும். துப்பட்டா, சால்வை, தொங்கும் கயிறுள்ள மேலாடை எதுவும் கூடாது. ஹெல்மெட் தளர்வாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். அச்சுக்கு மூடி இல்லாத வண்டியையோ, முடியைக் கட்டச் சொல்லாத ஊழியரையோ கண்டால் ஓட்டாமல் திரும்பிவிடுங்கள். கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை.

இது எங்கே கொண்டுபோகும்?

ஃபார்முலா 1 சாம்பியன்களான அயர்டன் சென்னா, மைக்கேல் ஷூமாக்கர், லூயிஸ் ஹாமில்டன், மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் எல்லாருமே கார்ட்டில் தொடங்கியவர்கள். சென்னா 1979-லும் 1980-லும் உலகக் கார்ட் சாம்பியன் போட்டியில் இரண்டாமிடம் பெற்றார்; பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் ஓட்டியவை வாடகைக் கார்ட்டுகள் அல்ல. எடை குறைந்த, ஒட்டும் டயர் கொண்ட, தனியாகச் சொந்தம் வைத்துப் பராமரிக்கும் பந்தயக் கார்ட்டுகள். பிள்ளையை அந்த வழியில் அனுப்ப நினைக்கும் பெற்றோர், உள்ளரங்க மையத்தில் ஆர்வத்தையும் அடிப்படையையும் சோதித்துவிட்டு, பிறகு திறந்தவெளித் தடத்துக்கும் பயிற்சிப் பள்ளிக்கும் போகவேண்டியிருக்கும். செலவு அங்கேதான் தொடங்குகிறது.

மற்றவர்களுக்கு உள்ளரங்கத் தடமே முழுமையான விளையாட்டு. வண்டி வாங்க வேண்டாம், மெக்கானிக் வேண்டாம், இழுத்துச்செல்ல டிரெய்லர் வேண்டாம். அலுவலகம் முடிந்து போய் ஓட்டிவிட்டு வீடு திரும்பலாம். முதல் தடவை போகிறவர்கள் முதல் ஓட்டத்தில் யாரையும் தாண்ட முயல வேண்டாம். தடத்தின் வளைவுகளை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். இரண்டாவது ஓட்டத்தில் முன்னால் இருப்பவரிடமிருந்து இடைவெளி விட்டு, வளைவுக்கு முன்பே பிரேக் போட்டுப் பாருங்கள். இரண்டு தாள்களையும் வீட்டுக்கு எடுத்துச்சென்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்; இரண்டாவதில் எண்கள் குறைந்திருக்கிறதா என்பதைவிட, ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.